எண்ணெய்ப் பணத்தில் எழுந்த ஒரு கிராமத்துப் பள்ளி

"அமெரிக்காவில் கிராமத்துப் பள்ளிகளைப் பள்ளி மாவட்டங்கள் நடத்துகின்றனவாமே, அப்படி ஒன்றின் வரலாறு சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிழக்கு டெக்சாஸின் நியூ லண்டன் ஊரில் இருந்த லண்டன் பள்ளி மாவட்டத்தைச் சொல்கிறேன்.

நம்மூர் கலெக்டர் ஆளும் மாவட்டம் மாதிரி இல்லை இது. பள்ளிக்கென்றே இருக்கும் ஒரு உள்ளாட்சி. ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு வாரியத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். வாரியம் அந்த எல்லைக்குள் இருக்கும் சொத்துகளுக்கு வரி போட்டுப் பள்ளியை நடத்தும். வரி தர நாலு பெரிய சொத்து இருந்தால் பள்ளிக்கு யோகம்.

லண்டனுக்கு அந்த யோகம் 1930-ல் அந்த ஊர் இருக்கும் ரஸ்க் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பகுதி) எண்ணெய் பீறிட்டபோது அடித்தது. நாடே பொருளாதார மந்தத்தில் தவித்த காலத்தில், 1932-ல், இரும்பும் கான்கிரீட்டுமாக ஒரு பெரிய பள்ளி எழுந்தது. விளையாட்டு மைதானத்துக்கு மின்விளக்கு வேறு!

இவ்வளவு பணம் இருந்தும் கஞ்சத்தனம் போகவில்லை. கட்டடக் கலைஞர் சொன்னது பாய்லர் வைத்து நீராவியால் சூடேற்றும் முறை. வாரியம் அதை ஒதுக்கிவிட்டு அறைக்கு அறை கேஸ் ஹீட்டர் மாட்டியது. 1937 தொடக்கத்தில் கேஸ் பில்லையும் மிச்சம் பிடிக்க, ஒரு பெட்ரோல் கம்பெனியின் கழிவு எரிவாயுக் (எண்ணெய் வேலையில் மிஞ்சும் வாயு) குழாயிலிருந்து இணைப்பு இழுத்துக்கொண்டார்கள். மிச்சமானது மாதம் சுமார் 300 டாலர். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, அக்கம்பக்கத்து வீடுகளும் சர்ச்சுகளும் அதைத்தான் செய்தன. எப்படியும் எரித்துத் தீர்க்கிற வாயுதானே என்று கம்பெனிகளும் கண்டுகொள்ளவில்லை.

அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. கசிந்தது கட்டடத்துக்கு அடியில் இருந்த மூடிய வெற்றிடத்தில் தேங்கிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் தலைவலி என்று சொன்னதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மார்ச் 18, பிற்பகல் மூன்று மணிக்குமேல், பட்டறை ஆசிரியர் மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் மின்கருவியின் ஸ்விட்சைப் போட்டார். ஒரு பொறி போதுமானதாக இருந்தது. கட்டடம் மேலே எழும்பி அப்படியே நொறுங்கியது. இரண்டு டன் கான்கிரீட் பலகை ஒன்று பறந்துபோய் ஒரு காரை நசுக்கியது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். பக்கத்து ஜிம்னேசியத்தில் பெற்றோர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தன் பிள்ளையைத் தானே தோண்டி எடுத்தவர்கள் உண்டு. பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் ஷாவும் ஒரு மகனைப் பறிகொடுத்தார். பிறகு பதவியை விட்டார். வழக்குகள் போடப்பட்டன, நீதிமன்றம் யாரையும் பொறுப்பாக்கவில்லை. இது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

ஆனால் எரிவாயுவில் கெட்ட வாடை தரும் பொருளைக் கலக்க வேண்டும் என்ற சட்டத்தை டெக்சாஸ் அந்த ஆண்டே கொண்டுவந்தது. மற்ற இடங்களிலும் பரவியது. நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் குப்பென்று அடிக்கும், மெர்காப்டன் என்ற வாடைப்பொருளின் நாற்றமும் அதே ஏற்பாடுதான். பொறியாளர்கள் பதிவு செய்துகொண்டே தொழில் பார்க்க வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டு அங்கே வந்தது.

பள்ளியைத் திரும்பக் கட்டினார்கள். 1965-ல் பக்கத்து காஸ்டன் மாவட்டத்தோடு இணைந்தபோது லண்டன் என்ற பெயர் போனது. இப்போது அது வெஸ்ட் ரஸ்க்.