கடற்கரைப் பெண்ணுக்கு நீச்சல் தெரிய வேண்டாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறோம். நான் மீன் விற்கிறேன். கணவர் காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மகளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாவது முடித்திருக்கிறாள். இந்த மே மாதம் பக்கத்து ஊரில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் பத்து நாள் சர்ஃபிங் முகாம், அதாவது பலகையில் நின்று அலையில் சறுக்கும் பயிற்சி, நடத்துகிறார்கள். காலையில் நீச்சலும் சர்ஃபிங்கும். சாயங்காலம் கடல் பாதுகாப்பு வகுப்பு, கடற்கரையைச் சுத்தம் செய்வது. குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. போயே தீருவேன் என்கிறாள் மகள். வயசுக்கு வந்த பெண் ஈரத்துணியோடு ஊர் முன்னால் நின்றால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள், கறுத்தும் போவாள் என்கிறார் மாமியார். கணவருக்கு வேறு கோபம். "ஆமை சாகறதுக்கு உங்கப்பன்தான் காரணம்னு சொல்லிக் கொடுப்பாங்க, அப்புறம் நம்ம பொண்ணே நம்மளைக் கேள்வி கேட்கும்" என்கிறார். எனக்குக் கடல் என்றாலே பயம். சுனாமியில் சித்தியைப் பறிகொடுத்தவள் நான். அனுப்பலாமா, வேண்டாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

அன்புத் தங்கைக்கு,

அனுப்புங்கள். சில விஷயங்களை விசாரித்துவிட்டு அனுப்புங்கள். என்ன விசாரிப்பது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பயத்தைப் பேசிவிடுவோம். மாமியார் சொல்வதையும் கணவர் சொல்வதையும்விட அதுதான் பெரிது.

சித்தியை இழந்தவர் மகளைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைக்க நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். ஆக்ஸ்ஃபாம் தொண்டு அமைப்பு 2005-இல் வெளியிட்ட அறிக்கையில் கடலூர்க் கணக்கு இருக்கிறது. இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தார்கள். ஆழக்கடலில் சுனாமி அலை படகுக்கு அடியில் ஏறி இறங்கிப் போய்விடும். கரையை நெருங்க நெருங்கத்தான் உயரும். அந்தக் கரையில் நின்றவர்கள் யார்? படகு வந்ததும் மீனை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பலாம் என்று காத்திருந்த பெண்கள். இடுப்பில் பிள்ளை, உடம்பில் புடவை, நீச்சலும் தெரியாது. உங்கள் சித்தியும் அப்படித்தான் நின்றிருந்தாரோ என்னவோ.

நீச்சல் தெரிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மரமும் ஓடும் படகும் அடித்துக்கொண்டு வந்த தண்ணீர் அது. ஆனால் கடலுக்குள் இறக்காமல் வளர்த்தது எந்தப் பெண்ணையும் காப்பாற்றவில்லை என்பது நிச்சயம். கடலை விட்டு விலகி வாழ உங்களால் முடியாது. வீடு அங்கே, பிழைப்பு அங்கே. அப்படியிருக்க, ஒரே வீட்டில் பிறந்த பையன் ஐந்தாறு வயதிலேயே அலையில் விழுந்து புரண்டு நீந்தக் கற்றுக்கொள்கிறான். பெண் பிள்ளை மட்டும் கால் நனைத்துவிட்டுத் திரும்புகிறாள். இந்த வழக்கம் எத்தனை குப்பங்களில் இன்னும் அப்படியே கிடக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கடலில் ஆளை இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் உண்டு, உங்களுக்குத் தெரியும். கரைக்கு வந்து மோதிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல்திட்டு அறுந்த இடமாகப் பார்த்து வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை புரள, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்து, மணல் கலங்கித் தெரியும். நுரை அதன் மேல் கடலைப் பார்த்து மெதுவாக நகரும். நகரத்திலிருந்து வருபவர்கள் "இங்கே அலை இல்லை, இறங்கலாம்" என்று தேடிப்பிடித்து இறங்குவது அங்கேதான். மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்கிவிடுவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்துவிட்டால், அப்புறம் அலையே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஒழுங்காக நடக்கும் சர்ஃபிங் முகாமில் இதைத்தான் முதலில் கற்றுக்கொடுப்பார்கள். பலகையில் நிற்பது அதற்கு அப்புறம்.

புதிதாக வரும் பிள்ளையை முதல் நாளே பெரிய அலைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். மணலில் பலகையைப் போட்டு, குப்புறப் படுத்து, கையை ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து நிற்கப் பழக்குவார்கள். பிறகு இடுப்பளவுத் தண்ணீர். அங்கே வருவது ஏற்கெனவே உடைந்த அலையின் நுரைதான். பலகை எட்டு ஒன்பது அடி நீளம் இருக்கும், மேலே மெத்தென்று ஃபோம், தலையில் பட்டாலும் பெரிய காயம் ஆகாது. கணுக்காலில் கட்டிய கயிறு பலகையை விட்டுப் போக விடாது. விழும்போது தலைகீழாகப் பாயக்கூடாது, தட்டையாக விழ வேண்டும், எழும்போது தலையைக் கையால் மூடிக்கொண்டு எழ வேண்டும். இதையெல்லாம் உங்கள் மகள் இரண்டே நாளில் பிடித்துக்கொள்வாள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். உடை பற்றிய கவலைக்கு வழி சுலபம். முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை லெக்கிங்ஸும் போட்டுக்கொண்டுதான் இன்றைக்கு நிறைய பெண்கள் அலையில் இறங்குகிறார்கள். வெயிலுக்கும் பலகை உரசலுக்கும் அதுவே நல்லது. துப்பட்டாவும் தொளதொள உடையும் தண்ணீரில் ஆபத்து, அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். முகத்துக்கு சன்ஸ்கிரீன் போடச் சொல்லுங்கள், தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்காது. அப்படியும் கொஞ்சம் கறுப்பாள். கறுத்தால் என்ன? வெயிலில் மீன் கூடை சுமந்து குடும்பத்தைத் தாங்கிய பெண்கள்தானே உங்கள் ஊரில் எல்லோரும்? மாமியாரும்கூட அந்த வெயிலில் நின்றவர்தானே? பெண்ணின் நிறத்தை வைத்து விலை பேசும் மாப்பிள்ளை வீட்டுக்காக ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் சந்தோஷத்தை இப்போதே அடகு வைக்க வேண்டியதில்லை.

ஊர் என்ன சொல்லும் என்றால், மாமல்லபுரத்துக் கமலியைச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துப் பெண். சின்ன வயதில் ஸ்கேட்போர்டில் ஆரம்பித்து, அலைக்குப் போய், இந்தியாவுக்காக ஆடும் அளவுக்கு வளர்ந்தவர். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டியே மாமல்லபுரத்தில்தான் நடந்தது. கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர்தான் சர்ஃபிங் பள்ளியைத் தொடங்கிக் குப்பத்துப் பிள்ளைகளை அலைக்குக் கொண்டுபோனார். கடல் கடந்து பார்த்தால், இலங்கையில் பொத்துவில் பக்கத்து அறுகம்பையில் 2018-இல் பெண்களே சேர்ந்து ஒரு சர்ஃபிங் சங்கம் தொடங்கினார்கள். அந்த நாட்டில் பெண்களுக்கென்று அதுதான் முதல் சங்கம். அங்கேயும் வீட்டிலும் ஊரிலும் எதிர்ப்பு இருந்தது. இன்று அதில் குழந்தை பெற்ற தாய்மார்களும் இருக்கிறார்கள். எல்லாப் பிள்ளையும் கமலி ஆகிவிட மாட்டாள், ஆக வேண்டியதும் இல்லை. பத்து நாள் ஆசை தீர ஆடிவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனாலே போதும்.

உங்கள் கணவரின் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னை முதல் உங்கள் பக்கம் வரை பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுபடும் மடிவலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். விசைப்படகு கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்பது சட்டம். முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் அந்தக் கரையோரக் கடலில்தான். வலையில் சாய்வாக ஒரு கம்பித் தடுப்பை வைத்து, ஆமை வெளியேற ஒரு வாய் விடும் கருவியும் உண்டு. இந்தக் கருவி இல்லை என்றுதான் 2019 முதல் இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்காமல் நிறுத்தியிருக்கிறது. அந்த நஷ்டமும் கடைசியில் மீனவர் தலையில்தான் விடிகிறது.

ஆனால் வலையை எங்கே இறக்குவது, கருவியைப் பொருத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வது கூலிக்குப் போகும் உங்கள் கணவரா? படகு முதலாளி, டீசல் கடன், கரையோரத்தில் சட்டத்தைக் காக்க வேண்டிய அதிகாரிகள் என்று அதில் எத்தனையோ கைகள் இருக்கின்றன. மகள் கேள்வி கேட்கட்டும். அப்பாவும் பதில் சொல்லட்டும். எந்த மாதம் ஆமை அதிகம் தட்டுப்படும், வலையில் வந்தால் என்ன செய்வார்கள், எதனால் படகுக்காரர்கள் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிறார்கள் என்பதை முகாமில் வகுப்பெடுப்பவர்களைவிட அவர் நன்றாகச் சொல்வார். நல்ல முகாம் என்றால் ஒரு சாயங்காலம் அவரைப் போன்றவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசச் சொல்ல வேண்டும். வாடைக்காற்று, கச்சான் காற்று, எந்த நிறத் தண்ணீரில் எந்த மீன் என்பதெல்லாம் உங்கள் வீட்டுச் சொத்து. அதை ஒதுக்கிவிட்டு மீனவரைக் குற்றவாளியாக நிறுத்திப் பாடம் நடத்தினால், அது எவ்வளவு பெரிய அமைப்பாக இருந்தாலும் சரி, உங்கள் கணவரின் பக்கம்தான் நான் நிற்பேன்.

குப்பை விஷயத்திலும் கண்டிப்பாக இருங்கள். மழைக்காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாயில் அடித்துக்கொண்டு வந்து முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலில் சேரும் பிளாஸ்டிக் உங்கள் குப்பத்தில் பிறந்தது இல்லை. கட்டணம் கட்டி வந்த பிள்ளைகள் அலையில் இருக்க, இலவசமாக வந்த பிள்ளைகள் குப்பை பொறுக்கினால், அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். எல்லோரும் ஒன்றாக நீந்தி, ஒன்றாகக் குனிந்து பொறுக்கினால் சரி. கையுறையும் செருப்பும் கட்டாயம், மணலில் கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கும். பொறுக்கியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். வெறும் கவர் பொறுக்குவதைவிட, அறுந்து ஒதுங்கிய நைலான் வலையை மணலிலிருந்து இழுத்து எடுப்பது பெரிய வேலை. அது திரும்பக் கடலுக்குள் போனால் நண்டையும் ஆமையையும் வருஷக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இனி, விசாரிக்க வேண்டியவை. தண்ணீருக்குள் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள்? நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்கு நாலைந்துக்கு மேல் இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் இறங்கும் பெண் பயிற்சியாளர் உண்டா, கரையில் பெயர் எழுத மட்டும்தான் பெண்களா? ஆபத்தில் மீட்கவும் முதலுதவி செய்யவும் பயிற்சி பெற்றவர் யார், அவர் முகாம் முடியும்வரை கரையில் இருப்பாரா? உடை மாற்ற மறைவான இடமும் கழிவறையும் உண்டா? மாதவிலக்கு நாளில் "இன்னிக்கு இறங்கலை" என்று ஒரு பிள்ளை சொன்னால், காரணம் கேட்காமல் விட்டுவிடுவார்களா? அப்புறம், போட்டோ. ஈர உடையில் இருக்கும் பிள்ளைகளின் படத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது என்று எழுதியே வாங்குங்கள். நன்கொடை திரட்டக் குப்பத்துப் பிள்ளைகளின் முகத்தைப் பயன்படுத்துவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. இவற்றைக் கேட்டால் கோபப்படுபவர்களிடம் பிள்ளையை விட வேண்டாம்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதம் உங்கள் கணவர் வீட்டில்தான் இருப்பார். முதல் நாள் மகளை அவரே கூட்டிக்கொண்டு போகட்டும். எந்த இடத்தில் இறக்குகிறார்கள், பாறை எவ்வளவு தள்ளி இருக்கிறது, அன்றைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் சரி என்றால் மற்ற நாட்கள் நீங்கள் நிம்மதியாகக் கூடையைத் தூக்கலாம். சரியில்லை என்றால் தயங்காமல் திரும்பி வரட்டும். அப்போதும் நீச்சலை மட்டும் விட்டுவிடாதீர்கள். தடைக்காலம் முடிய நாள் இருக்கிறது, அவரே மகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம்.