காரைக்குடி மாநகராட்சி ஆனதற்கு அரசியலமைப்பைத் திருத்தினார்களா?

இல்லை. அதற்கு மாநிலச் சட்டமே போதும். ஆனால் நகராட்சி, மாநகராட்சி எல்லாம் அரசியலமைப்பில் இடம்பிடித்தது 74-வது திருத்தத்தால்தான். 1993 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

அரசியலமைப்பின் பிரிவு 368-ன்படி அதைத் திருத்தும் மசோதா இரு அவைகளிலும் தனித்தனியே நிறைவேற வேண்டும். கூட்டுக் கூட்டம் கிடையாது. பலரும் குழம்புவது எண்ணிக்கையில்: வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போதாது, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் வேண்டும். 543 பேர் கொண்ட மக்களவையில் 500 பேர் வாக்களித்தால் 334 வேண்டும். 390 பேர் என்றால் 260 அல்ல, 272. 74-வது திருத்தத்துக்கு முந்தைய நகராட்சி மசோதா 1989-ல் மாநிலங்களவையில்தான் கவிழ்ந்தது.

மத்திய-மாநில அதிகாரப் பங்கீடு போன்ற கூட்டாட்சி சார்ந்த பிரிவுகளைத் திருத்தப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் தேவை. செட்டிநாட்டு வீட்டில் ஓட்டை மாற்றலாம், தேக்குத் தூணை உருவ முடியாதே. அப்படி அரசியலமைப்பைத் தாங்கி நிற்கும் ஆதாரக் கூறுகளை, அதாவது அடிப்படைக் கட்டமைப்பை, நாடாளுமன்றம் தொடக் கூடாதென்று 1973-ல் உச்ச நீதிமன்றத்தில் கேசவானந்த பாரதி வழக்கில் 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பானது.