வெள்ளிக்கிழமைச் சண்டைகள் – கடிதம்

வணக்கம்.

1962இல் நடந்த எமில் கிரிஃபித் – பென்னி பேரட் சண்டையின் பழைய காணொளியை அண்மையில் பார்த்தேன். ஒருவர் அடிபட்டு விழுந்து சாகக் கிடப்பதை வீட்டில் உட்கார்ந்து பார்த்த அதிர்ச்சியில்தான் அமெரிக்கத் தொலைக்காட்சி குத்துச்சண்டையைக் கைகழுவியது என்கிறார் என் நண்பர். சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தேன். மறுபடி பார்க்க மனம் வரவில்லை. 12ஆம் சுற்று, மூலையில் மாட்டிக்கொண்ட பேரட் விழக்கூட வழியில்லாமல் அடி வாங்குகிறார். நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைன் குறுக்கே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்து நாள் கழித்து பேரட் இறந்தார்.

ஆனால் தேதிகள் உங்கள் நண்பருக்குச் சாதகமாக இல்லை. அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் சிபிஎஸ், என்பிசி, ஏபிசி. இவற்றில் சிபிஎஸ் தன் புதன்கிழமைச் சண்டையை 1955லேயே விட்டுவிட்டது. என்பிசி வெள்ளிக்கிழமைச் சண்டையை நிறுத்தியது 1960இல். பேரட் விழுந்தபோது வாராவாரம் காட்டிக்கொண்டிருந்தது ஏபிசிதான். அதுவும் 1964 வரை தாக்குப்பிடித்தது.

டிவி குத்துச்சண்டையைப் பிடித்த நோய் அதைவிடப் பழையது. ஆரம்பகால டிவிக்கு இதைவிடத் தோதான விளையாட்டு கிடையாது. கையகலத் திரை, மங்கல் படம். பேஸ்பாலில் பந்தைத் தேட வேண்டும். குத்துச்சண்டையில் சின்ன மேடை, இரண்டே பேர், ஓரிரு கேமரா போதும். மூன்று நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் ஓய்வு. அந்த ஒரு நிமிடம் சவர பிளேடு விற்க அளந்து வைத்தது போல இருந்தது. பிளேடு கம்பெனி ஜில்லெட் 1944லேயே விளம்பரதாரராக உள்ளே வந்துவிட்டது. வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் மதுக்கடையில் கூடிப் பார்த்தார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் வாரத்தில் பல இரவுகள் சண்டைதான். நியூயார்க்கின் பெரிய அரங்கான மாடிசன் ஸ்கொயர் கார்டன் இலவசமாக வீட்டுக்கு வரும்போது பக்கத்துத் தெரு அரங்கில் டிக்கெட் வாங்க யார் போவார்கள்? புதுப் பையன்கள் நாலு சுற்று, ஆறு சுற்று ஆடித் தொழில் படித்த அந்தச் சின்ன அரங்குகள் ஒவ்வொன்றாக மூடின. விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்ற கதை. வாராவாரம் இரண்டு பேர் வேண்டும், தோற்றவன் முகம் விளம்பரதாரருக்கு ஆகாது. அதனால் பழுக்காத பையன்களைத் தடியால் அடித்துப் பழுக்க வைத்தார்கள்.

சக் டேவி நல்ல உதாரணம். கல்லூரியில் படித்தவர், இடக்கையர், பார்க்க லட்சணமானவர். டிவியே வளர்த்த நட்சத்திரம். வயதான முன்னாள் சாம்பியன் ராக்கி கிராசியானோவை வென்றார். சரி, சாம்பியனோடு மோதட்டும் என்று 1953 பிப்ரவரியில் சிகாகோவில் கிட் கவிலான் முன் நிறுத்தினார்கள். கவிலான் நடுவில் தானும் இடக்கையராக மாறி நின்று விளையாட்டுக் காட்டினார். டேவி பத்தாவது சுற்றுக்கு வரவில்லை.



நியூயார்க்கில் செயின்ட் நிக்கலஸ் அரினா என்று ஒரு பழைய அரங்கு. அங்கிருந்தும் பல வருடம் சண்டைகள் ஒளிபரப்பானவைதாம். பேரட் இறந்த அதே 1962இல் அங்கே குத்துச்சண்டை நின்றது. பின்னாளில் அந்த இடம் ஏபிசி தொலைக்காட்சியின் கைக்குப் போனது.