ஒரு கல்வியாண்டில் என் எழுத்து வளர்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆண்டு இறுதியில் 'எழுத்தில் என் வளர்ச்சி' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் வளர்ந்த மாதிரி தெரியவில்லை, மதிப்பெண்ணும் அப்படியேதான் இருக்கிறது, என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் நகர என்னால் முடியவில்லை. நீங்கள் பத்தாவதோ பதினொன்றோ படிப்பவராக இருக்க வேண்டும். வகுப்பில் 'நல்லா எழுதுவாங்க' என்று பெயர் எடுத்தவராகவும் இருக்கலாம். எழுத்தில் அக்கறை இல்லாதவர் 'இவ்வாண்டு நான் நிறையக் கற்றுக்கொண்டேன், ஆசிரியர்களுக்கு நன்றி' என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். இப்படி உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்.

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். முடித்துக் கொடுத்த கட்டுரைகளை மட்டும் வைத்தும் பார்க்காதீர்கள். அடித்துத் திருத்திய தாள்கள் எங்காவது மிச்சம் இருந்தால் அவற்றைத் தேடி எடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் எதை அடித்தீர்கள், இப்போது எதை அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். வளர்ந்திருந்தால் அது அங்கேதான் தெரியும்.

நான் இப்போது கல்லூரியில் படிக்கிறேன். சொல்லப் போவது பதினொன்றாம் வகுப்பு நடந்த ஆண்டைப் பற்றி. அந்த வருஷம் எங்களுக்கு வந்த தமிழம்மா கட்டுரை நோட்டில் மதிப்பெண் போடவே மாட்டார். சிவப்பு மையால் பக்கம் முழுக்கக் கோடும் போட மாட்டார். பென்சிலால் ஓரத்தில் இரண்டே சொல் எழுதுவார்: 'கூறியது கூறல்'. வேறொரு பத்தி பக்கத்தில் 'வெற்றெனத் தொடுத்தல்', அதாவது பொருள் இல்லாத வெறும் சொற்களை அடுக்குவது. கடைசிப் பத்தி பக்கத்தில் பெரும்பாலும் 'சென்று தேய்ந்து இறுதல்', அதாவது போகப் போக வலுவிழந்து முடிவது. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எது தப்பு, எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டார். நாங்கள்தான் கண்டுபிடித்து, அதே கட்டுரையை மறுபடி எழுதிக்கொண்டு வர வேண்டும்.

இந்தச் சொற்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரத்தில், அதாவது முன்னுரைப் பகுதியில், வருகிற பத்துக் குற்றம். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று தொடங்கி நின்று பயன் இன்மை வரை வரிசையாக மனப்பாடம் செய்து, தேர்வில் கேட்டால் எழுதி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு அதோடு மறந்துவிடுவோம். அந்தப் பட்டியல் நம்முடைய சொந்தக் கட்டுரை நோட்டைப் பார்த்துப் பேசக்கூடியது என்று அதுவரை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குக் காட்டியதில்லை. (உடனே ஒருவர் வந்து, நன்னூல் சொல்வது நூலுக்கு உரிய குற்றம், பள்ளிக்கூடக் கட்டுரைக்கு அதைப் பொருத்தலாமா என்று கேட்பார். தாராளமாகப் பொருத்தலாம் என்பதுதான் என் எண்ணம். சொன்னதையே திருப்பிச் சொன்னால் நூலைப் படிப்பவருக்கு வருகிற அதே அலுப்புதான் நோட்டைப் படிப்பவருக்கும் வருகிறது. தொல்காப்பிய மரபியலும் கூறியது கூறலைக் குற்றமாகத்தான் சொல்கிறது. இவ்வளவு காலமாகச் சொல்லப்பட்டு வருகிற ஒன்றுக்குப் பயன் இருக்கிறது.)

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் புரியாது. ஒரு பத்தியையே காட்டுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் 'நூலகம்' என்ற தலைப்பில் நான் எழுதியது இது:

"நூலகம் என்பது அறிவின் திறவுகோல் ஆகும். மனித வாழ்வில் நூலகத்தின் பங்கு அளப்பரியது என்றால் அது மிகையாகாது. நாம் ஒவ்வொருவரும் நூலகம் செல்வதை வழக்கமாகக் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில் நூலகம் அறிவை வளர்க்கும் இடமாக விளங்குகின்றது."

எழுத்துப் பிழை கிடையாது. ஒற்றுப் பிழை கிடையாது. முந்தைய வகுப்புகளில் இதற்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும், கிடைத்தும் வந்தது. தமிழம்மா முதல் வரியையும் நான்காம் வரியையும் ஒரு வளைகோட்டால் இணைத்து 'கூறியது கூறல்' என்று எழுதியிருந்தார். இரண்டாம் வரிக்குப் பக்கத்தில் 'வெற்றெனத் தொடுத்தல்'. நான் அன்று அந்த இரண்டாம் வரியைப் பல தடவை படித்துப் பார்த்தேன். என்ன குறை என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நல்ல வரி என்றே தோன்றியது. அதை எடுத்துவிட்டுப் படித்தால் கட்டுரையில் எதுவும் குறையவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அதைவிட, 'நூலகம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விளையாட்டு' என்று போட்டால் அந்த வரி அப்படியே விளையாட்டுக் கட்டுரைக்கும் பொருந்தியது. மரம், நேரம், செய்தித்தாள், எதைப் போட்டாலும் பொருந்தியது. எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற வரியில் அந்தத் தலைப்பைப் பற்றி ஒன்றுமே இல்லை. இதைக் கண்டுகொண்டபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உணர முடிகிறது. யாரும் சொல்லித் தராமல் நானே பிடித்தது அது.

அதே தலைப்பை ஆண்டு இறுதியில் மறுபடி எழுதச் சொன்னார். அதில் ஒரு பத்தி:

"எங்கள் பள்ளி நூலகத்தில் கடைசி அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்க்க வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும். அதனாலேயே அந்தத் தட்டுப் புத்தகங்களை யாரும் எடுப்பதில்லை. ஒரு புத்தகத்தில் கடைசியாக விழுந்திருந்த தேதி முத்திரை நான் பிறப்பதற்கு முந்தையது. புத்தகம் இருப்பதும் புத்தகம் கிடைப்பதும் வேறு வேறு என்று அன்று எனக்குப் பட்டது."

இது பெரிய இலக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இதில் விளையாட்டை வைக்க முடியாது, நேரத்தை வைக்க முடியாது. நூலகத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தவரால் மட்டுமே எழுத முடியும். இந்தப் பத்தியின் அடித்தல் தாளும் என்னிடம் இருக்கிறது. அதில் 'புத்தகம் இருப்பதும் கிடைப்பதும்' என்ற வரிதான் முதலில் இருந்தது. அம்புக்குறி போட்டு அதைக் கீழே இறக்கியிருக்கிறேன். அதற்கும் கீழே 'எனவே நூலகங்களைப் பேணிக் காப்பது நம் தலையாய கடமையாகும்' என்று ஒரு வரி இருந்து, அதை அடித்திருக்கிறேன். தொடக்கத்து நோட்டில் என் அடித்தல்கள் எல்லாம் ஒரே மாதிரி: 'முக்கியம்' என்பதை அடித்து 'இன்றியமையாதது', 'பெரிய' என்பதை அடித்து 'மாபெரும்'. சொல்லை மாற்றிச் சொல் போட்டதோடு திருத்தம் முடிந்துவிட்டது. ஆண்டு இறுதியில் வரிகள் இடம் மாறுகின்றன, முழு வரிகள் காணாமல் போகின்றன.

கல்லூரிக்கு வந்த பிறகு ஒரு பாடவேளையில் நான்சி சோமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிக் கேட்க நேர்ந்தது. 1980-இல் வெளியான அவருடைய ஆய்வில் 20 கல்லூரி மாணவர்களையும் அனுபவமுள்ள 20 எழுத்தாளர்களையும் எழுதவைத்து, எழுதியதை மறுபடி மறுபடி திருத்தி எழுதவைத்துப் பார்த்திருக்கிறார். நீக்குவது, மாற்றிப் போடுவது, சேர்ப்பது, வரிசை மாற்றுவது என்று திருத்தத்தை நான்காகப் பிரித்துப் பார்த்தபோது, மாணவர்கள் பெரும்பாலும் சொற்களோடு நின்றுவிட்டார்கள். அனுபவசாலிகள் கட்டுரை சொல்ல வருவது என்ன என்பதையே திருத்தத்தின் வழியாகத் தேடினார்கள். வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு என் நோட்டின் இரண்டு பக்கங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. யாரோ எங்கோ அளந்து பார்த்த வித்தியாசம் என் பென்சில் கோடுகளிலும் இருந்தது.

இனி மதிப்பெண். உங்களைக் குழப்புவது இதுதான் என்று நினைக்கிறேன். அந்த வருஷம் நடுவில் வந்த தேர்வில் என் கட்டுரை மதிப்பெண் இறங்கியது. நான் முன்னேறிக்கொண்டிருந்த அதே சமயத்தில்தான் இறங்கியது. முன்னுரை, உட்தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு மேற்கோள், முடிவுரை என்ற பழைய அச்சை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக வேறொன்றைப் பிடிக்க இன்னும் கை வரவில்லை. நீளமான வாக்கியங்களை முயன்றேன், சிலவற்றில் எழுவாய் ஒரு பக்கமும் பயனிலை ஒரு பக்கமும் போயின. பழகிய சின்ன வாக்கியத்தில் தடுமாற வாய்ப்பே இல்லை. புதிதாக ஒன்றை முயலும்போது தடுமாற்றம் கூடத்தான் செய்யும். அதைச் சரிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் கேள்வி வந்தது. என் அம்மா நோட்டையும் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, 'நோட்டுல இருக்கறதுதான் நீ பேசற மாதிரி இருக்கு' என்றார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கு உட்தலைப்பு போட்டு எழுதுவதும் ஒரு திறமைதான். பொதுத்தேர்வில் நானும் அப்படித்தான் எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். மாதிரிக் கட்டுரைகள் படிப்பதையும் நான் எதிர்க்கவில்லை. வீட்டில் படிக்க வேறெதுவும் இல்லாத பிள்ளைக்கு முதலில் கிடைக்கிற உரைநடை அதுதான். தமிழாசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒவ்வொரு நோட்டையும் இரண்டு தடவை படிப்பது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். எங்கள் தமிழம்மா உணவு இடைவேளையில் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த நூலகக் கட்டுரை பள்ளி ஆண்டு மலருக்குப் போனது. அச்சாகி வந்ததும் ஆசையோடு பிரித்துப் பார்த்தேன். என் பெயர் இருந்தது, பத்திகள் இருந்தன. கடைசியில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது: 'ஆகவே மாணவர்களாகிய நாம் அனைவரும் நூலகம் சென்று அறிவை வளர்த்து நாட்டை உயர்த்த உறுதி ஏற்போமாக!' ஆச்சரியக்குறியோடு. மலரைத் தொகுத்தவரிடம் போய்க் கேட்டேன். 'முடிவு இல்லாம இருந்துச்சு, சேர்த்தோம். நல்லாத்தானே இருக்கு?' என்றார். ஒரு வருஷம் முழுக்க அடித்து அடித்து நான் வெளியே தள்ளிய வரி அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரிலேயே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. பெரியவர்கள் எழுதுவதில் இப்படி யாராவது கை வைப்பார்களா? கேட்டுவிட்டாவது வைப்பார்கள். மாணவர் எழுதியதென்றால் கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது, ஒரு வரிதானே என்று அன்று நிறையப் பேர் சொன்னார்கள். ஒரு வரிதான். ஆனால் அந்தக் கட்டுரையில் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ததுதான் அந்த வருஷத்தில் நான் செய்த ஆகக் கடினமான வேலை. அந்த மலரை இன்றுவரை யாருக்கும் எடுத்துக் காட்டியதில்லை. நோட்டைத்தான் காட்டுவேன்.

சரி, உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 'என் சொல்வளம் பெருகியது, தன்னம்பிக்கை கூடியது' என்று எழுதாதீர்கள். அந்த வரியை எந்த மாணவரின் தாளிலும் வைக்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய ஒரு பத்தியை அப்படியே எடுத்துப் போடுங்கள், மெருகேற்றாமல். கீழே சமீபத்தில் எழுதிய ஒன்று. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது, ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். பெரிய மாற்றமாக இருக்க வேண்டியதில்லை. எல்லா வாக்கியத்தையும் 'ஆகும்' என்று முடித்துக்கொண்டிருந்தவர் இப்போது அப்படி முடிப்பதில்லை என்றால் அதையே எழுதலாம், எந்தக் கட்டுரையில் நிறுத்தினீர்கள் என்பதோடு. இன்னும் சரியாக வராத ஒன்றையும் சொல்லுங்கள். எனக்கு உரையாடல் எழுத அந்த வருஷ முடிவிலும் வரவில்லை, அதை என் பக்கத்தில் எழுதியிருந்தேன். தமிழம்மா அதன் ஓரத்தில் 'சரி' என்று மட்டும் குறித்திருந்தார்.

அடித்தல் தாள் எதுவுமே இல்லை, எல்லாம் கணினியில் தட்டச்சு செய்து அழித்தது என்றால், பழைய கட்டுரை ஒன்றைத் திறந்து ஒரு பென்சிலோடு உட்காருங்கள். எங்கெல்லாம் கை தானாகப் போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுதிய அன்று கண்ணில் படாத இடங்கள் அவை. உங்கள் பக்கத்துக்கு வேண்டியது அதிலேயே கிடைத்துவிடும். அப்படியும் ஒன்றும் தென்படவில்லை என்றால் அந்தப் பத்தியை இங்கே போடுங்கள், நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். எதையும் உங்களுக்காகத் திருத்தித் தர மாட்டேன், ஓரத்தில் இரண்டு சொல் மட்டும் எழுதுவேன்.