மூன்று வரன்கள் நிச்சயதார்த்தம்வரை வந்தும் பயந்து விலகிவிட்டேன். சைக்கோடைனமிக் தெரபி உதவுமா?

உதவும். பழைய உறவுகளில் பதிந்து நமக்கே தெரியாமல் இருக்கும் உணர்வுகள் இன்றைய உறவை எப்படி ஆட்டுகின்றன என்று பேசிப் பார்க்கும் சிகிச்சை இது. ஆனால் கேட்பது நீங்களா, உங்கள் வீட்டாரா? "நாலு தடவை பேசி, தை முகூர்த்தத்துக்குச் சம்மதிக்க வைங்க" என்றால் அது தெரபி இல்லை, தரகு வேலை. கல்யாணமே வேண்டாம் என்பது நோயும் இல்லை. வேண்டும், நெருங்கினால் ஓடத் தோன்றுகிறது என்பவருக்குத்தான் இது. நீங்கள் அந்த ரகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வழக்கமாக வாரம் ஒருமுறை, 50 நிமிடம், ஒரே கிழமை, ஒரே நேரம். குறுகிய காலம் என்றால் 20, 30 அமர்வுகள். நீண்டது ஓராண்டைத் தாண்டும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு வரனும் எந்த இடத்தில் அறுந்தது என்று துருவுவார்கள். மண்டபம் பார்க்கக் கிளம்பியபோதா, அந்தப் பெண் தினமும் "சாப்டீங்களா" என்று விசாரிக்க ஆரம்பித்தபோதா? முதலாவது மாட்டிக்கொள்ளும் பயமாக இருக்கலாம். இரண்டாவதில் அக்கறையே அச்சுறுத்துகிறது. அதன் வேர் வேறு.

பிரிட்டிஷ் சைக்கோதெரபிஸ்ட் டேவிட் மாலன் சொன்ன இரண்டு முக்கோணங்கள் இங்கே பயன்படும். ஒன்று: உள்ளே அமுங்கிய உணர்வு, அது கிளம்பும்போது வரும் பதற்றம், பதற்றத்தை மூடும் தற்காப்பு. "அவள் சிரிப்பு பிடிக்கவில்லை" என்று கடைசி வாரத்தில் கண்டுபிடிப்பது பல நேரம் தற்காப்புதான். இன்னொன்று: பெற்றோர், இன்றைய உறவு, தெரபிஸ்ட். இதில் தெரபிஸ்ட் என்ற முனையில்தான் பாதி வேலை. நெருங்கினால் ஓடுபவர் அவரிடமிருந்தும் ஓடுவார். மனம்விட்டுப் பேசிய மறுவாரமே ஆபீஸ் வேலை வந்துவிடும், பிறகு பத்து நிமிடத் தாமதம், பிறகு "சரியாயிடுச்சு, நன்றி" என்று வாட்ஸ்அப். பலரும் கழன்றுகொள்வது இங்கேதான். நிறுத்தத் தோன்றினால் நேரில் போய் அதையே பேசுங்கள். முடிக்கும் தேதியை முன்கூட்டியே குறித்து, கடைசிச் சில அமர்வுகளைப் பிரிவைப் பேச ஒதுக்குவதும் இதற்காகத்தான்.

"சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் நேரடியாக மாற்றப் பழக்கும் சிகிச்சை) போதுமே" என்று கீழே கமெண்ட்டில் சிலர் வருவார்கள். மறுக்கவில்லை. பேனிக் அட்டாக்கோ தூக்கமின்மையோ இருந்தால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். "இவள்தான் சரியானவளா" என்று நாள் முழுக்க மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டே இருந்தால் அது ஓசிடியாக (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, சரிபார்க்கச் சொல்லித் தொல்லை தரும் நோய்) இருக்கலாம். அதற்கு ஈஆர்பி முறைதான், அதாவது பயத்தை எதிர்கொண்டு, சரிபார்க்காமல் இருக்கப் பழகுவது. காரணம் தோண்டத் தோண்ட சுழல் கூடும்.

இன்னொரு வயிற்றெரிச்சல்: இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவரெல்லாம் 'கவுன்சிலர்' போர்டு மாட்டிவிடுகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள், தயங்கவேண்டாம். இந்த முறையில் யாரிடம் எத்தனை ஆண்டு பயிற்சி எடுத்தார் என்றும் கேளுங்கள். தவறவிட்ட அமர்வுக்கும் பணம் கட்டவேண்டுமா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள், பெரும்பாலும் கட்டவேண்டியிருக்கும்.