தாத்தாவின் பழைய புல்லட்டை வீட்டிலேயே பழுதுபார்த்து ஓட வைக்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையில் முடியாது. பெரம்பூர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பத்து ஆண்டுகளாக நிற்கும், 1970களில் வாங்கிய 350 சிசி புல்லட்டை முதலில் முழுவதுமாகக் கழற்றிப் பெயின்ட் அடித்துவிட்டு, பிறகு இன்ஜினைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவரையில் பாதியில் நின்றுபோன வண்டிகள் எல்லாம் இப்படித் தொடங்கியவைதான். கழற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, உற்சாகமாகவே நடக்கும். பிறகு உதிரிகள் சாக்குப்பைக்குள் போகும், எந்த வாஷர் எங்கே இருந்தது என்பது மறக்கும், ஒரு பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடும். முதலில் வண்டியை ஓட வையுங்கள். ஓடும் வண்டியை ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிச் சரிசெய்யுங்கள். பெயின்ட் கடைசி.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் செலவைத் தொடங்க வேண்டாம். தாத்தா காலமாகிவிட்டதால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. பழமையான வாகனங்களுக்கென்று 2021இல் வந்த தனிப் பதிவு முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு அது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்தப் பதிவோடு வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். வாரம் ஒருமுறையாவது மெரினா வரை போய்வர ஆசையென்றால் வழக்கமான பதிவையே புதுப்பியுங்கள்.

இனி இன்ஜின். எடுத்த எடுப்பில் கிக்கரை மிதிக்காதீர்கள். புல்லட்டில் ஆயில், கிராங்க் கேஸோடு (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் கூடு) சேர்த்து வார்த்த ஓர் அறையில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வண்டி நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து, கிராங்க் சுழல வேண்டிய இடத்தில் வந்து தேங்கிவிடும். அடியிலுள்ள பிளக்குகளைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். வடிவதைக் கவனித்துப் பாருங்கள். பால் கலந்த டீயின் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. விரலில் தேய்க்கும்போது பளபளக்கும் துகள் தட்டுப்பட்டால் ஏதோ ஒரு புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்திருக்கிறது.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிறிது டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். வண்டியை டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசையவில்லையா, இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். கோபத்தில் கிக்கரின்மேல் ஏறி நின்றால் உள்ளே பல் உடையும்.

பிஸ்டன் நகர்ந்துவிட்டால் பாதி நிம்மதி. புதிய 6 வோல்ட் பேட்டரி வாங்குங்கள். பாயிண்டை (திறந்து மூடி, பிளக்கில் தீப்பொறியை வரவைக்கும் சுவிட்ச்) சுத்தம் செய்து, அது முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரை யோசிக்காமல் மாற்றுங்கள், விலை குறைவுதான். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையில் கம்பியை நுழைக்காமல் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். துருப்பிடித்த டேங்கை இப்போதைக்குப் பொருத்த வேண்டாம். சிறிய பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, குழாய் மாட்டித் தொங்கவிட்டால் சோதனைக்குப் போதும். இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். புது ஆயில் ஊற்ற மறக்கவே கூடாது.

புல்லட்டைக் கிளப்புவதற்குப் பலத்தைவிட, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்பியர் மீட்டர்தான் உதவும். சாவியைத் திருகிக் கிக்கரை மெதுவாக அழுத்தும்போது, பாயிண்ட் மூடியிருக்கும் வரை முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அது நடுவுக்கு வந்து கிக்கரும் இறுகினால் பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சிக்கு வந்துவிட்டதென்று பொருள். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து உச்சியைச் சற்றே தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து முழு வீச்சில் மிதியுங்கள். வண்டி எடுத்ததும், மேலே, வால்வுகளைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

(உங்கள் வண்டி ஜாவாவோ யெஸ்டியோவாக இருந்திருந்தால் வேறு கதை. அந்தப் பழைய வண்டிகளின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் காய்ந்துபோன கிராங்க் சீல் (ரப்பர் அடைப்பு) வழியாகக் காற்று புகுந்து, பெட்ரோல் கலவை மெலிந்து, பிஸ்டன் இறுகிவிடும். சீல்களை மாற்றாமல் ஓட்டவே கூடாது.)

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் ஆட்டம் இருந்தால் கிராங்கைப் பிரித்து, அழுத்திச் சேர்த்து, நேர் பார்க்க வேண்டும். அதற்கு அனுபவமுள்ள லேத் பட்டறைதான் கதி. சிலிண்டரைப் போர் செய்வதானால் (உட்சுவரைக் கடைந்து அகலமாக்குவது) பிஸ்டனை முதலில் வாங்கிவிட்டு, அதை அளந்து போர் செய்யச் சொல்லுங்கள். 70 மில்லிமீட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி முதலில் போர் செய்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை.

1950களிலிருந்து திருவொற்றியூரில் தயாரான வண்டி என்பதால் இதன் உதிரிகளுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. புதியவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை. ஆனால் பழைய உதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ‘இதேதான் சார், அப்படியே உட்காரும்’ என்று கடைக்காரர் சொல்வதை வெர்னியர் அளவுகோல் வைத்துச் சரிபாருங்கள். அந்தக் காலத்து நட்டு போல்ட்டுகளில் பல பிரிட்டிஷ் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டித் திருகினால் முனை மழுங்கிவிடும். என்னைக் கேட்டால், பெயின்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு நல்ல பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் செட் வாங்குவேன். பழையதைப் புதியது சரியாகப் பொருந்தும்வரை தூக்கிப் போடாதீர்கள். பல சமயம் பழைய இரும்பே மேல்.

டேங்க் துருவுக்கு ஆசிட்டைவிட மின்பகுப்பு எனக்குப் பிடிக்கும். சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, உள்ளே டேங்கைத் தொடாமல் ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவைக் கம்பிக்கும் நெகட்டிவை டேங்குக்கும் கொடுங்கள். ஹைட்ரஜன் கிளம்பும், எனவே மொட்டை மாடியே சரி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வேண்டாம், நச்சான குரோமியம் நீரில் கலக்கும். பிரேக் டிரம்மைத் திறக்கும்போதும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் ஊறி உப்பும்.

பெயின்டை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரக்காற்றில் பெயின்ட் வெளுத்துப்போகும். டேங்கின் பொன்னிறக் கோடுகள் ஆலையில் கையால் போட்டவை. அவை நன்றாக இருந்தால் தொடாமலே விடுவேன்.

கடைசியாக, 12 வோல்ட்டுக்கு மாற்றி எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்ற கேள்வி. 12 வோல்ட், தாராளமாக. 6 வோல்ட் விளக்கை வைத்துக்கொண்டு இரவில் ஜி.எஸ்.டி. சாலையில் போவது ஆபத்து. ஸ்டேட்டர், ரெகுலேட்டர், பேட்டரி, காயில், பல்பு, ஹாரன் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய ஒயரிங்கை வெட்டாமல் அப்படியே கழற்றிச் சுருட்டி வையுங்கள். ஆனால் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்காகப் பாயிண்டை எடுத்துவிடாதீர்கள். அது கெடுவதற்கு முன் வண்டி திக்கித் திணறிச் சொல்லிவிடும், வழியிலேயே உப்புத்தாளும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு சரிசெய்யலாம். எலக்ட்ரானிக் பெட்டி சொல்லாமல் நிற்கும், அப்புறம் குட்டியானை வண்டிதான் கூப்பிட வேண்டும்.