மொழிபெயர்ப்பு நாவல்களில் எது முதற்பதிப்பு?

கேள்வி: காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புப் பிரதி ஒன்று என்னிடம் உள்ளது. அதன் பதிப்புரிமைப் பக்கத்தில் 1967, 1970 என இரண்டு ஆண்டுகள் காணப்படுகின்றன. இதை முதற்பதிப்பு என்று கொள்ளலாமா?

பதில்: அந்த ஆண்டுகள் இரு வேறு நூல்களுக்கு உரியவை. மூல ஸ்பானிய நாவலைப் புவனோஸ் அய்ரெஸ் நகரின் சுதாமெரிக்கானா பதிப்பகம் 1967இல் வெளியிட்டது. கிரெகரி ரபாஸாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1970இல் நியூயார்க்கில் ஹார்ப்பர் அண்ட் ரோ வெளியீடாகவும் லண்டனில் ஜோனதன் கேப் வெளியீடாகவும் வந்தது. ஆகவே ஒரு விற்பனைப் பட்டியல் வெறுமனே 'முதற்பதிப்பு' என்று சொன்னால், அது மூலத்தின் முதற்பதிப்பா, மொழிபெயர்ப்பின் முதல் அமெரிக்கப் பதிப்பா, முதல் பிரிட்டிஷ் பதிப்பா என்று கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

1970 என்று அச்சாகியிருப்பது மட்டும் சான்றாகாது. பதிப்புரிமை ஆண்டு மறு அச்சுகளிலும் மாறாமல் தொடரும். ஹார்ப்பர் பிரதியாயின், அதே பக்கத்தில் முதற்பதிப்பு என்னும் வெளிப்படையான குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மேலுறைக்கு வாருங்கள். அதன் முன் உள்மடிப்பில் முதல் பத்தி ஆச்சரியக்குறியுடன் முடிந்தால் அதை முந்தைய மேலுறையாகச் சேகரிப்பாளர்கள் கொள்கின்றனர். பின்னர் அச்சான மேலுறைகளில் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி இருக்கும். மேலுறை தனியே கழற்றக்கூடியது என்பதால், ஒரு பிரதியின் உறையை இன்னொன்றுக்குப் போர்த்தி விற்பதும் உண்டு. எனவே நூலையும் உறையையும் தனித்தனியே சோதித்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

கேள்வி: பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் உள்ள எண் வரிசையை மட்டும் நம்பலாமா?

பதில்: பெரும்பாலும் நம்பலாம். ஒவ்வொரு மறு அச்சிலும் முந்தைய அச்சின் எண்ணை நீக்கிவிடுவார்கள் என்பதால், வரிசையில் எஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்ணே எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும். எண்கள் ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ இரு பக்கமும் கலந்தோ இருக்கலாம். ஆனால் விதிவிலக்குகளே சேகரிப்பாளரை ஏமாற்றுகின்றன. அமெரிக்கப் பதிப்பகமான ராண்டம் ஹவுஸ் பல ஆண்டுகள் தன் முதல் அச்சில் முதற்பதிப்பு என்ற குறிப்பையும் 2இல் தொடங்கும் எண் வரிசையையும் சேர்த்தே அச்சிட்டு, இரண்டாம் அச்சில் குறிப்பை மட்டும் நீக்கியது. புத்தகச் சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்காக அச்சிட்ட பிரதிகளும் முதற்பதிப்பைப் போலவே தோன்றும். உள்மடிப்பில் விலை இல்லாமை, பின் அட்டையின் கீழ் மூலையில் மையில்லாமல் அழுத்திய சிறு முத்திரை, மெலிந்த தாள் ஆகியவை அவற்றைக் காட்டிக்கொடுக்கும். மடிப்பின் மூலையை யாரேனும் வெட்டியிருந்தால் விலை இருந்ததா என்பதை அறியவே வழியில்லாமல் போகும் என்பதால், அத்தகைய பிரதியில் அட்டையையும் தாளையும் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும்.

கேள்வி: மூலத்துக்கு முன்பே மொழிபெயர்ப்பு வெளிவந்தால் எதை முதற்பதிப்பு என்பது?

பதில்: ரஷ்ய எழுத்தாளர் பாஸ்டர்நாக்கின் 'டாக்டர் ஷிவாகோ' இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. சோவியத் நாட்டில் வெளியிட மறுக்கப்பட்ட அந்த நாவல், முதன்முதலாக 1957 நவம்பரில் மிலான் நகரின் ஃபெல்ட்ரினெல்லி பதிப்பகத்தின் வழியாக இத்தாலிய மொழியில் வந்தது. மூல ரஷ்ய வடிவத்தை ஹேக் நகரின் மூட்டன் நிறுவனம் 1958இல் அச்சிட்டது. மேக்ஸ் ஹேவர்ட், மான்யா ஹராரி இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே ஆண்டில் வெளியானது. நாவல் உலகுக்கு முதலில் அறிமுகமான வடிவத்தைத் தேடுபவர் இத்தாலியப் பதிப்பையும், ஆசிரியரின் மொழியைத் தேடுபவர் மூட்டன் பதிப்பையும் நாடுவது முறை. நான் முதலிடம் தருவது இத்தாலியப் பதிப்புக்கே, ஏனெனில் நாவலின் பயணம் அங்குதான் தொடங்கியது. ரிச்சர்ட் பெவியரும் லாரிஸா வோலகோன்ஸ்கியும் புதிதாகச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இல் வந்தது. அதன் முதல் அச்சும் அந்த மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை முதற்பதிப்பே. ஆகவே உங்கள் சேகரிப்புக் குறிப்பேட்டில் நூலாசிரியர் பெயருடன் மொழிபெயர்ப்பாளர் பெயர், மொழி, நகரம், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றையும் தவறாமல் எழுதி வையுங்கள்.